நாக்கில் வந்த புற்றுநோய் இதயத்துக்குப் போகுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. ஈராண்டுகளுக்கு முன் நாக்குப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடித்து நலமாக இருந்தார். சென்ற மாதம் மூச்சுத்திணறல் வந்தபோது ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார்கள். ஆஞ்சியோகிராமில் அடைப்பே இல்லை. இப்போது எக்கோ என்ற இதய ஸ்கேனில், இதயத்தின் வலது கீழறையில் கட்டி தெரிகிறது, புற்றுநோய் பரவியிருக்கலாம் என்கிறார்கள். வாயில் வந்த நோய் இதயத்துக்குப் போகுமா? முதலில் பார்த்தவர்கள் தவறு செய்துவிட்டார்களா?

- வாசகி, திண்டுக்கல்

பதில்: போகும்; ஆனால் மிக அரிது. வாய்ப் புற்றுநோய் முதலில் கழுத்து நெறிகளை, அதாவது நிணநீர்க் கணுக்களைப் பிடிக்கும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் நுரையீரலுக்கும், அடுத்தபடியாக எலும்புக்கும் கல்லீரலுக்கும் செல்லும். ஓயாமல் சுருங்கி விரியும் தசையிலும் அதனுள் விரைந்தோடும் இரத்தத்திலும் புற்றணுக்கள் நிலைகொள்வது கடினம் என்பார்கள். இதயத்திலேயே தோன்றும் கட்டிகளைவிட வேறிடத்திலிருந்து வந்து சேர்பவை பல மடங்கு அதிகம் என்றாலும், அவற்றில் நுரையீரல், மார்பகம், மெலனோமா என்ற ஒருவகைத் தோல் புற்று, இரத்தப் புற்றுநோய்கள்தாம் முன்வரிசையில் நிற்கின்றன.

முதலில் பார்த்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். கட்டி இதயத் தசைக்குள் ஊடுருவும்போது ஈ.சி.ஜி. கோட்டில் எஸ்.டி. எனப்படும் பகுதி மேலெழும்பி, அச்சு அசலாக மாரடைப்பைப் போலவே காட்டுவதுண்டு. அந்த நேரத்தில் இரத்தக்குழாய் அடைப்பு உண்டா என்று பார்ப்பதே முறை.

இனி நீங்கள் கேட்க வேண்டியது, அது புற்றுக்கட்டிதானா, உறைந்த இரத்தமா என்பதைத்தான். புற்றுநோயாளிகளுக்கு இரத்தம் உறைவது சாதாரணம். எக்கோவில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும். சிகிச்சையோ முற்றிலும் வேறு. இதய எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இதைப் பிரித்துச் சொல்லிவிடும். வேறெங்கும் பரவியிருக்கிறதா என்பதற்குப் பெட் ஸ்கேன் உதவும்.

புற்றுநோய்தான் என்று உறுதியானால், முழுக் குணம் எதிர்பார்க்க இயலாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீமோ, நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் மருந்து, கதிர்வீச்சு ஆகியவற்றில் எது அவர் உடம்புக்குத் தாங்கும் என்பதைப் புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும்; வலிதணிப்புச் சிகிச்சையை இப்போதே தொடங்கலாம். இதய உறைக்குள் நீர் கோத்திருந்தால், ஊசி செலுத்தி அதை வடித்தவுடனேயே, இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தவர் தலையணையில் சாய்ந்து உறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

படுத்தால் மூச்சு முட்டுவது, கழுத்து நரம்பு புடைப்பது, தலைசுற்றி விழுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஈ.சி.ஜி. எடுக்கும் முன்பே, நாக்குப் புற்றுநோய் இருந்ததையும் இதயத்தில் கட்டி தெரிந்ததையும் சொல்லி, எக்கோ அறிக்கையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.