ஆறு வாரச் சான்றிதழுக்காக வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராக நாலே கால் ஆண்டாக வேலை செய்கிறேன். நிரந்தரப் பணி ஆணை இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 22,000, பிடித்தம் போகக் கைக்கு 36,000 வருகிறது. கணவர் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். மகளுக்கு எட்டு வயது. மே, ஜூனில் பெங்களூரில் ஆறு வாரம் தங்கிப் படிக்கும் தொண்டு நிறுவன மேலாண்மைச் சான்றிதழ்ப் படிப்பில் சேர ஆசை. கட்டணம் 1,40,000. முடித்தால் மாதம் 5,000 கூடுதலாகக் கிடைக்கும் என்று நம்புகிறேன். லட்ச ரூபாய் சீட்டை இப்போதே தள்ளி எடுத்தால் 82,000 வரும். மீதிக்கு வங்கியில் நகையை வைத்து ஒன்றரை லட்சம் வாங்கலாம் என்று இருக்கிறேன். கல்விக் கடனாக வாங்கினால் வரிச் சலுகை உண்டு என்றும் படிப்பு நடத்துபவர்கள் சொல்கிறார்கள். இயக்குநர் ஆறு வார விடுப்புக்குச் சம்மதிக்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டுப் போகலாமா? முன்பதிவுக்கு 5,000 கட்டிவிட்டேன்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: ராஜினாமா வேண்டாம். இந்தக் கோடையில் படிப்பும் வேண்டாம் என்பதே என் கருத்து. படிப்பின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கணக்குதான் இடிக்கிறது.

1,40,000-ஐ 5,000-ஆல் வகுத்து, 28 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வகுத்திருப்பது விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையை. சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பட்டத்துக்கு இட்டுச்செல்லாத இத்தகைய படிப்புகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அது 25,200. தங்குமிடம், சாப்பாட்டுக்கு நீங்களே எழுதியபடி 27,000. போக்குவரத்துக்கு 6,000 வையுங்கள். இயக்குநர் மனமிரங்கினாலும், கையிருப்பு விடுப்பு 12 நாள் போக ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு. அது 36,000. ஆக 2,34,200.

பணம் புரட்டவும் ஒரு விலை இருக்கிறது. சீட்டைக் கடைசி வரை விட்டுவைத்தால், 5 சதவீதக் கமிஷன் போக 95,000 கைக்கு வரும். இப்போது தள்ளினால் 82,000. அங்கே 13,000 போய்விட்டது. நகைக் கடனுக்கு 9.5 சதவீதம் என்று வைத்தால் ஓராண்டு வட்டி 14,250. எல்லாம் சேர்ந்து 2,61,450. 5,000 உயர்வு மறுமாதமே கிடைத்துவிட்டாலும் 52 மாதத்துக்கு மேல் ஆகும்.

நகைக் கடனில் வட்டியைவிட எனக்குப் பயம் தருவது அதன் முடிவு நாள். ஓராண்டு கழித்து அசல் ஒன்றரை லட்சமும் ஒரே தவணையில் கேட்பார்கள். அந்தத் தேதியில் உங்களிடம் அவ்வளவு தொகை இருக்காது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பீர்கள். மறு ஆண்டும் அதே. என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் இப்படி நாலைந்து வருடம் வட்டி கட்டியும் நகையைக் கண்ணால் பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

சரி, அந்த 5,000 உயர்வு யார் கொடுப்பது? இதைத்தான் உங்களிடம் விரிவாகப் பேச விரும்புகிறேன். ஒரு கம்பெனியில் லாபம் கூடினால், முதலாளி நினைத்தால் சம்பளத்தை உயர்த்தலாம். தொண்டு நிறுவனத்தில் உங்கள் சம்பளம் என்பது யாரோ ஒரு நிதியாளர் ஒப்புக்கொண்ட திட்ட வரவுசெலவில் ஒரு வரி. திட்டம் முடியும்வரை அந்த வரியில் உள்ள எண்ணைச் சான்றிதழ் மாற்றாது. இயக்குநர் நல்லவராக இருந்தாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் கொண்டுவந்த திருத்தம், அந்த நன்கொடையிலிருந்து நிர்வாகச் செலவுக்கு எடுக்கும் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டது. அந்தக் கணக்கில் பள்ளி ஆசிரியர் சம்பளமோ மருத்துவமனை டாக்டர் சம்பளமோ நிர்வாகச் செலவு ஆகாது. மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களின் சம்பளம் ஆகும். அதாவது நீங்கள் இப்போது களத்தில் இருக்கிறீர்கள், மேலாண்மைக்கு நகர ஆசைப்படுகிறீர்கள். அந்த நகர்வு உங்கள் சம்பளத்தைத் தாராளமான தலைப்பிலிருந்து இறுக்கமான தலைப்புக்குக் கொண்டுபோய்விடும். பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலும் நிலைமை சுகமில்லை. கம்பெனிகளின் சொந்த நிர்வாகச் செலவுக்குச் சட்டம் விதித்த வரம்பு 5 சதவீதம். பல கம்பெனிகள் அதே கெடுபிடியைத் தொண்டு நிறுவனத்தின் மேலும் காட்டுகின்றன. உங்கள் நிறுவனத்தில் எந்தப் பணம் எவ்வளவு வருகிறது என்று கணக்காளரிடம் கேட்டுப் பாருங்கள். 5,000 வருமா, வராதா என்பதை அந்தப் பதிலே காட்டிவிடும்.

வேறு நிறுவனத்துக்குப் போனால் கிடைக்காதா என்பீர்கள். கிடைக்கலாம். கடந்த ஆறு மாத வேலை அறிவிப்புகளில் இருபதைத் திரட்டுங்கள். சமூகப்பணி முதுகலைப் பட்டம், இத்தனை ஆண்டு அனுபவம், நிதி திரட்டிய அனுபவம் என்று கேட்டிருப்பார்கள். குறுகியகாலச் சான்றிதழை எத்தனை பேர் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். படிப்பு நடத்துபவர்களிடம், முன்பு படித்த தமிழ்நாட்டுக்காரர்கள் இருவரின் தொலைபேசி எண்ணை வாங்கி, படிப்புக்கு முன் என்ன சம்பளம், பின் என்ன சம்பளம் என்று நேராகவே கேளுங்கள். எண் தரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

ராஜினாமா விஷயத்துக்கு வருகிறேன். நிரந்தரப் பணியாளருக்குக் கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை ஐந்து ஆண்டு முடிந்தால்தான் உறுதி. உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு அது ஏறக்குறைய 63,460 ரூபாய். இன்னும் ஒன்பது மாதத்தில் உங்கள் கைக்கு வரவேண்டிய பணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒன்றரை லட்சம் கடன் வாங்கப் போகிறீர்கள்! நாலு ஆண்டும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. நீங்கள் அதையும் எட்டவில்லை. எட்டினாலும் நிறுவனம் மறுத்தால் அலைய வேண்டிவரும். வேலையை விட்டபின் பி.எஃப். பணத்தை எடுக்கும் ஆசையும் வரும். ஐந்தாண்டுக்கு முன் எடுத்தால் அது வருமானமாகக் கணக்கிடப்படும். எங்கே போனாலும் மாற்றிக்கொள்ளுங்கள், எடுக்காதீர்கள்.

வரிச் சலுகை பற்றி ஒரே வரி: கல்விக் கடன் வட்டிக் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. புதிய முறையில் சம்பளதாரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. கட்டாத வரியில் சலுகை எங்கிருந்து வரும்?

இயக்குநர் விடுப்பு மறுத்ததைக் குறை சொல்லி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கமும் பாருங்கள். மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் நிதியாளர்களுக்குச் செலவுக் கணக்கு போகவேண்டும். நன்கொடையாளர் விவர அறிக்கையை மே 31-க்குள் வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்யவேண்டும். தணிக்கையாளர் வந்து உட்காரும் காலம் அது. அந்த நேரத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர் பெங்களூரில் இருந்தால் எந்த இயக்குநரும் முகம் சுளிப்பார்.

அதே காரணத்தால், நீங்கள் படிக்க விரும்பும் பாடத்தில் பாதி இந்தக் கோடையில் உங்கள் அலுவலகத்துக்கே வந்துவிடுகிறது. தணிக்கையாளர் வரும் நாட்களில் கணக்காளர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கும் அதற்கு நன்கொடை தருபவர்களுக்கும் வரிச் சலுகை தரும், 12ஏ, 80ஜி என்று பலரும் அழைக்கும் பதிவுகள் எப்போது புதுப்பிக்கப்படும், வரிவிலக்குக்காக வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட்டதாக எப்படிக் காட்டுகிறார்கள், வெளிநாட்டு நன்கொடை ஏன் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்கே வரவேண்டும் என்று கேட்டுக்கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு ஒரு சிறிய அறக்கட்டளைக்குப் பொருளாளராக இருந்து பட்டுத்தான் நான் இவற்றைக் கற்றேன். நேர்முகத்தில் இதைப் பற்றித் தடுமாறாமல் பேசுகிற கள ஊழியருக்கு இருக்கும் மதிப்பு தனி. மேலாண்மைப் பாடங்களுக்கு மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இலவச வகுப்புகள் இருக்கின்றன. தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

அடுத்த கோடைக்கு இப்போதே அடி போடுங்கள். அடுத்த திட்ட முன்மொழிவு எழுதும்போது, பணியாளர் திறன் வளர்ப்பு என்று ஒரு வரியைச் சேர்த்து, இந்தப் படிப்பின் கட்டணத்தில் பாதியையாவது அதில் போடும்படி இயக்குநரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு ஓராண்டு விலகமாட்டேன் என்று கையெழுத்து கேட்டால் போடலாம். இரண்டு ஆண்டு என்றால் பேரம் பேசுங்கள். கணக்கு முடிக்கும் மே, ஜூனில் இல்லாமல் வேறு மாதத்தில் அல்லது வார இறுதியில் நடக்கும் படிப்பு இருக்கிறதா என்றும் தேடுங்கள். சீட்டு தள்ளாமல் முதிரட்டும். பணிக்கொடைத் தகுதியும் அதற்குள் வந்துவிடும். அப்போது நகையைத் தொடாமலே போகலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இந்தச் சான்றிதழ் இருந்தால் இன்ன சம்பளத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று ஏதாவது நிறுவனம் எழுதிக் கொடுத்தால், கணக்கு மாறும். அந்தக் கடிதத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

முன்பதிவுக்குக் கட்டிய 5,000-ஐ அடுத்த ஆண்டு வகுப்புக்கு மாற்றித்தர முடியுமா என்று படிப்பு நடத்துபவர்களுக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லும் வாக்குறுதியை நம்பி விட்டுவிடாதீர்கள்.