உப்பை நிறுத்தினால் புற்றுநோய் பரவாதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் கட்டம். அறுவை சிகிச்சை முடிந்து 3 வாரம் ஆகிறது. மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். அடுத்து கீமோ என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், 'செல்லின் அயனி சேனல்களை அடைத்துவிட்டால் நோய் பரவாது, கீமோ வேண்டாம்' என்று சொல்லி, தண்ணீர் இயந்திரமும் மாத்திரைகளும் வாங்கச் சொல்கிறார். சோடியம்தான் பரவலுக்குக் காரணம் என்றதால் உப்பை அடியோடு நிறுத்திவிட்டோம். கீமோவைத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். உப்பை நிறுத்தியது அதைவிட அவசரமான விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்த நண்பர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் தொல்லை. செல்லின் சவ்வில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் போய்வரும் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. அவைதான் அயனி சேனல்கள். பெருங்குடல் புற்றுசெல்கள் சில வாசல்களை அளவுக்கு மீறிக் கட்டிக்கொள்கின்றன. உள்ளே கசியும் சோடியம், செல் அக்கம்பக்கத் திசுவைக் கரைத்து நகர உதவுகிறது என்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறோம். வாசலை அடைத்தால் கண்ணாடித் தட்டில் செல்லின் ஊடுருவல் குறைகிறது.

அப்படியானால் மருந்து எங்கே? அதே சோடியம் வாசல்தான் இதயத் தசையைத் துடிக்க வைக்கிறது. இந்தப் புற்றுசெல்களில் காணப்படும் 'ஹெர்க்' என்ற பொட்டாசியம் வாசலும் இதயத்தில் இருக்கிறது. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை 'ஹெர்க்'கை அடைத்து இதயத்துடிப்பைக் குலைத்ததால்தான் 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. பெயரில்லாத டப்பாவில் வரும் மாத்திரை எந்த வாசலை அடைக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. நிஜமாகவே அடைத்தால் இன்னும் ஆபத்து.

இயந்திரம் தரும் காரத்தன்மையுள்ள தண்ணீர் வயிற்று அமிலத்தில் விழுந்ததும் சாதாரணத் தண்ணீர்தான். இரத்தத்தின் அமில-கார அளவை (pH) நுரையீரலும் சிறுநீரகமும் 7.35க்கும் 7.45க்கும் இடையில் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு குவளை நீரால் அது அசையாது. இப்படி விற்பவர்கள் வரும் முறை எனக்கு மனப்பாடம். முதலில் ஓர் ஆய்வுக் கட்டுரையின் அச்சுப்பிரதி, அடுத்து பயாப்ஸி அறிக்கைக்கு ஒரு நகல் கேட்பது, பிறகு 'கீமோவை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்'. நோய் கல்லீரலுக்குப் போனதும் 'தாமதமாக வந்தீர்கள்' என்று நம்மையே குறை சொல்வார்கள். மருத்துவர்களான எங்கள் பக்கமும் குற்றம் உண்டு. அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்க வேண்டியதை மூன்று நிமிடத்தில் முடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறோம். அந்த இடைவெளியில்தான் இயந்திரக்காரர் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

மூன்றாம் கட்டம் என்றால் நிணநீர் முடிச்சுகளை நோய் தொட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய செல்களை அழிக்கத்தான் கீமோ. அறுவைக்குப் பிறகு 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம். அதைத் தாண்டினால் பலன் குறையும். உங்களுக்கு 3 வாரம் போய்விட்டது.

இப்போது உப்பு. சாப்பாட்டு உப்பைக் குறைப்பதால் புற்றுசெல்லின் வாசல் மூடாது. இரத்த சோடியத்தைச் சிறுநீரகம் ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கும். இரத்தக் கொதிப்புக்காகக் குறைப்பது நல்லதுதான். ஆனால் வயிற்றில் பை உள்ளவர் கதை வேறு. பை சிறுகுடலோடு இணைந்திருக்கிறதா, பெருங்குடலோடா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் வலப்பக்கம் இருந்து, மலம் நீர்த்துப் போனால் அது சிறுகுடல் பை. உப்பையும் நீரையும் திரும்ப உறிஞ்ச வேண்டிய பெருங்குடல் வழியே போகாமலே எல்லாம் வெளியேறிவிடும். அப்படிப்பட்டவருக்கு உப்பை நிறுத்துவது கிணற்றை இறைத்துக்கொண்டே ஊற்றையும் அடைப்பது. தாகமென்று வெறும் தண்ணீரை நிறையக் குடித்தாலும் பையில் போக்கு கூடும், உப்பு இன்னும் வெளியேறும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் கரைசல்தான் உள்ளே தங்கும். கீமோவில் பேதியும் சேர்ந்தால் இரண்டே நாளில் சிறுநீரகம் அடிவாங்கும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பையில் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காலில் தசை பிடித்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ கீமோ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பாருங்கள்.

நாளையே மருத்துவரைப் பார்த்து, அது எந்தப் பை, எவ்வளவு உப்பு, ஓஆர்எஸ் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனம் என்றால் அதையும் சொல்லுங்கள், அளவு மாறும். மருத்துவர் எழுந்து போகப் பார்த்தால் கதவருகே நின்றாவது கேளுங்கள்.