சில மாதங்களில் முடிந்த கல்யாணமும் ஜீவனாம்சமும்: கேள்வி பதில்

குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவள் நான். கேட்டவர்களில் பெரும்பாலோர் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருவதால் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

அக்கா, ஏழு மாதம்தான் சேர்ந்து இருந்தோம். வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். ஒரு வருஷம் வாழாதவளுக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிறார்கள். உண்மையா?

இல்லை தங்கச்சி. இத்தனை மாதம் வாழ்ந்தால்தான் ஜீவனாம்சம் என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வருஷக் கணக்கு வேறு. கல்யாணமாகி ஓராண்டுக்குள் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது என்கிறது 14-வது பிரிவு. அதைத்தான் யாரோ குழப்பியிருக்கிறார்கள்.

வழக்கு நடக்கும் காலத்துக்குப் பிரிவு 24, தீர்ப்போடு வரும் நிரந்தர ஜீவனாம்சத்துக்குப் பிரிவு 25. இவை தவிர, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான 125-வது பிரிவு இருந்ததே, 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) அது 144. அதற்கு விவாகரத்து வழக்கே தேவையில்லை. வாழ்ந்த காலம் குறைவு என்பது தொகையைக் குறைக்கலாம், முக்கியமாக நிரந்தர ஜீவனாம்சத்தில். உரிமை போகாது. ராஜினாமா கடிதத்தையும் கடைசி சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

ஜீவனாம்ச மனுவை உடனே போடுங்கள். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனு தாக்கலான தேதியிலிருந்து பணம் தர வேண்டும் என்றது. பிரிந்த தேதியிலிருந்து அல்ல. பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்த மாதங்களுக்கு எதுவும் வராது. பேச்சும் நடக்கட்டும், மனுவும் நடக்கட்டும்.

சம்பளத்தில் எத்தனை சதவீதம் கிடைக்கும்?

சட்டத்தில் சதவீதம் இல்லை. கையில் வாங்கும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தொகை அதிலிருந்துதான் வரும்.

மேடம், 30 பவுன் நகை மாமியார் லாக்கரில் இருக்கிறது. "என்ன ஆதாரம்" என்று கேட்கிறார்கள்.

பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுடையது. கணவர் வீடு அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆதாரத்துக்கு முதலில் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். ஒரு வழக்கில் பெண்ணும் அவள் அம்மாவும் நானும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, முகூர்த்தப் படத்தில் தெரிந்த ஆரத்தையும் ஒட்டியாணத்தையும் அம்மா பெயரில் இருந்த நகைக்கடை பில்லோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். ரிசப்ஷன் படத்தில் புடவை மறைத்த ஒரு வளையல் ஜோடிக்கு மட்டும் சாட்சி இல்லாமல் போனது. வீடியோவையும் விடாதீர்கள்.

ஐயா ஒருவர்: பத்து மாதம் இருந்தவளுக்கு என் மகன் ஏன் கொடுக்க வேண்டும்? இன்ஜினீயரிங் படித்தவள்.

ஐயா, சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாதிப்பது வேறு. இதுவும் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். பட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது.

அப்படியானால் எல்லோரும் வேண்டுமென்றே வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அது நியாயமான கவலைதான். வருமானத்தை மறைத்தாலோ, ஜீவனாம்சத்துக்காகவே வேலையை விட்டாலோ நீதிமன்றங்கள் குறைத்திருக்கின்றன, மறுத்தும் இருக்கின்றன. பிஎஃப் கணக்கு, வங்கி வரவு என்று ஆதாரம் கொடுங்கள். ஊகம் போதாது.

இன்னொரு சகோதரி: ஐயா, என்னை வேலையை விடச் சொன்னதே மாமனார்தான். இப்போது அவரே "படித்தவள்தானே" என்கிறார்.

ஐயா, இதற்கு உங்கள் பதில் என்ன? பத்து மாதத்தில் போன வேலை பத்து நாளில் திரும்பி வராது. இடைவெளி விழுந்த பெண்ணை நேர்முகத் தேர்வில் என்னென்ன கேட்கிறார்கள் என்று உங்கள் மருமகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பணம்.

எத்தனை சதவீதம் மேடம்?

மேலே சொல்லிவிட்டேன்.

கணவர் வீட்டில் பாதிப் பங்கு உண்டா?

விவாகரத்தால் மட்டும் பங்கு வராது. கோவாவில் சட்டம் வேறு. ஆனால் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் கேட்கலாம்.

வேலையில்லாத கணவர் கேட்கலாமா?

24, 25 பிரிவுகளில் கேட்கலாம். 144-ல் முடியாது.

பரஸ்பர சம்மதத்தில் மொத்தத் தொகை தருகிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

தொகை சரியென்றால் போடலாம். ஆனால் டிடியைக் கண்ணால் பார்க்காமல், நீதிமன்றம் இரண்டாவது முறை கேட்கும் கட்டத்தில் சம்மதம் சொல்லாதீர்கள். நகைப் பட்டியலும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஆறு மாதம்தான் சேர்ந்து வாழ்ந்தோம், ஜீவனாம்ச மனு போட முடியுமா?

முதல் பதிலைப் படியுங்கள். இன்றே மனு போடுங்கள்.

125-ல் உத்தரவு வாங்கி பதினோரு மாதமாகப் பணம் வரவில்லை. வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசும் இல்லை.

நாளைக்கே கிளம்புங்கள் அம்மா. பாக்கியை வசூலிக்க, அது சேர வேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தாண்டிவிட்டால் அந்த மாதத்துக்கு வாரண்ட் கேட்க முடியாது. உங்கள் முதல் மாதத்துக்கு இன்னும் சில வாரம்தான் மிச்சம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டம். நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். உத்தரவு நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.