தண்ணீரில் நிற்கும் கொக்கு

அன்புள்ள ஐயா,

ஒரே அலுவலகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு கூட்டத்தில், புதிதாகத் தொடங்கும் பிரிவை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மேலாளர் கேட்டார். எனக்குத் தெரிந்த வேலைதான். ஆனாலும் வாய் வரவில்லை. என்னைவிட அனுபவம் குறைந்த ஒருவர் "நான் பார்க்கிறேன்" என்றார், அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. இப்போது ஒரு மாலைநேரப் பயிற்சிக்கான விண்ணப்பம் மேஜைமேல் கிடக்கிறது. அதையும் இன்னும் நிரப்பவில்லை. ஓடுமீன் ஓட, உறுமீன் வரும்வரை கொக்கு காத்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நான் பொறுமைசாலியா, கோழையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் இல்லை. கோழை என்ற சொல்லை முதலில் தள்ளி வையுங்கள்.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் ஒன்றைச் சொன்னார்கள்: கிடைப்பதன் மகிழ்ச்சியைவிட, அதே அளவு இழப்பதன் வலி நமக்குப் பெரிது. 1992-இல் அவர்கள் போட்ட கணக்கில் அது ஏறத்தாழ 2.25 மடங்கு. அந்தக் கூட்டத்தில் உங்கள் மனம் போட்டதும் இதே கணக்காக இருந்திருக்கலாம். "உனக்கு எதற்கு?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பத்து நிமிடச் சங்கடம், ஒரு புதிய பிரிவைவிடக் கனமாகத் தெரிந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

ஆனால் தூக்கம் கெட்டதாக எழுதியிருக்கிறீர்களே, என்னை நிறுத்தியது அந்த வரிதான். தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1990-களில் மனிதர்களின் வருத்தங்களை ஆராய்ந்தார்கள். நடந்த சூட்டில் நாம் செய்த தவறுதான் அதிகம் உறுத்துகிறது. வருடங்கள் போகப்போக, செய்யாமல் விட்டதே மேலே வருகிறது. இது எனக்கு அனுபவத்திலேயே தெரியும். என் 27 வயதில் ஒரு பத்திரிகை ஆசிரியர், "ஒரு கட்டுரை அனுப்புங்களேன்" என்றார். இன்னும் கொஞ்சம் செம்மையாக்கிவிட்டு அனுப்பலாம் என்று எட்டு மாதம் தள்ளினேன். அதற்குள் அவர் அங்கிருந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ மோசமான கட்டுரைகளை அனுப்பித் திருப்பி வாங்கியிருக்கிறேன், அவற்றில் ஒன்றுகூட இன்று நினைவில்லை. அனுப்பாத அந்த ஒன்றின் முதல் வரி மட்டும் அப்படியே இருக்கிறது. செய்த தவறை எப்படியாவது சரிசெய்துவிடுகிறோம், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்கிறோம், அத்தோடு அது முடிந்துவிடுகிறது. செய்யாததற்கு முடிவே கிடையாது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது இன்னும் அழகாகிக்கொண்டே போகிறது.

கொக்குக்கு வருகிறேன். நல்ல உதாரணம்தான் எடுத்தீர்கள். ஆனால் அது காத்திருக்கும்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மீன் ஓடுகிற தண்ணீரில், கால் நனைய நிற்கிறது.

தண்ணீர் என்று நான் சொல்வது பெரிய துணிச்சலை அல்ல, புதிய மனிதர்கள் இருக்கும் இடத்தில் போய் நிற்பதைத்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். புதுச் செய்தி கொஞ்சம் தள்ளி இருப்பவரிடமிருந்து வருகிறது. மாலை வகுப்பில் பக்கத்து இருக்கையில் உட்காரப்போகிறவர் அப்படி ஒருவராக இருக்கலாம்.

எதையும் யோசிக்காமல் குதி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேமிப்பு முழுவதையும், உடல்நலத்தை, உங்களை நம்பியிருப்பவர்களின் பாதுகாப்பைப் பணயம் வைக்கும் காரியமென்றால் ஒரு வருடம்கூட யோசியுங்கள். இந்த மாலைநேரப் பயிற்சி அப்படி இல்லையே. பிடிக்கவில்லையென்றால் இரண்டு வாரத்தில் விட்டுவிடலாம்.

அப்புறம், அந்தப் புதுப் பிரிவை எடுத்துக்கொண்ட சக ஊழியரிடம் போய்ப் பேசுங்கள். தொடக்கத்தில் அவருக்கு நிச்சயம் கை தேவைப்படும், உங்களுக்கோ அந்த வேலை தெரியும்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. இதைப் படித்து முடித்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

அன்புடன்.