நடுவர் இல்லாத மைதானத்தில்

கேள்வி: அமெரிக்காவில் கோல்ஃப் ஆட்டத்தின் வழியே சிறுவர்களுக்கு நற்பண்புகளைக் கற்பிக்கிறார்களாமே, மற்ற விளையாட்டுகளில் இல்லாத எது அதில் இருக்கிறது?

பதில்: 1997-இல் அங்கே தொடங்கப்பட்ட 'ஃபர்ஸ்ட் டீ' என்னும் அமைப்பு, நேர்மை, மரியாதை, விடாமுயற்சி முதலிய பண்புகளை ஆட்டப் பயிற்சியோடு சேர்த்தே கற்பித்து வருகிறது. கோல்ஃபில் பெரும்பாலும் ஆட்டக்காரரின் பக்கத்தில் நடுவர் நிற்பதில்லை. மரங்களுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சிறுமி பந்தை அடிக்க மட்டையை வீசி, அது பந்தில் படாமலே போனாலும், விதிப்படி அதுவும் ஓர் அடிதான்; குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் ஆட்டம் இது. அதைக் கணக்கில் சேர்ப்பதா, விட்டுவிடுவதா என்பதை அவள் ஒருத்தியே முடிவுசெய்ய வேண்டும். இத்தகைய சோதனையை ஒரே பிற்பகலில் பலமுறை தரும் விளையாட்டுகள் மிகச் சிலவே.

1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியில் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ், அடிக்கும் முன்பே பந்து இலேசாக அசைந்துவிட்டதென்று தாமே கூறி, தம் கணக்கில் ஓர் அடி கூட்டப்படும் தண்டனையைக் கேட்டு ஏற்றார். இறுதியில் வில்லி மெக்ஃபார்லேனுடன் சமநிலை அடைந்து, கூடுதல் ஆட்டத்தில் பட்டத்தை இழந்தார்.

மணற்குழியில் பதிந்த தம் காலடிகளைச் சமன்செய்துவிட்டு நகர்வதும், பிறர் அடிக்கும்போது அசையாமல் நிற்பதும் பழகப் பழக வந்துவிடும். ஆனால், ஆட்டம் முடிந்ததும் "எத்தனையாவது இடம்?" என்றே பெற்றோர் முதலில் கேட்டால், பயிற்சியாளர் எவ்வளவு பாடுபட்டும் பயன் குறைவு என்பது என் உறுதியான கருத்து. பிள்ளையைச் சேர்ப்பதாக இருந்தால், எந்த அடி கடினமாக இருந்தது என்று முதலில் கேளுங்கள்.