பெரிற்றின் ரிப்போர்ட்டில் உள்ள எண் என்ன சொல்கிறது?

பெரிற்றின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்பைக் காட்டுகிற இரத்தச் சோதனை. நான் ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிறவன், டொக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு தங்கச்சி: ஹீமோகுளோபின் 12.4, பெரிற்றின் 11. ரிப்போர்ட்டில் 10க்கு மேல் நோர்மல் என்றுதான் இருக்கிறது, பிறகேன் இரும்புக் குளிசை தந்தார்கள்?

உலையில் அரிசி கொதிக்கிறது என்பதற்காகக் கொம்பறையில் நெல் இருக்கிறது என்று அர்த்தமில்லை, தங்கச்சி. ஹீமோகுளோபின் உலை, பெரிற்றின் கொம்பறை. முதலில் காலியாவது கொம்பறைதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 15க்குக் கீழே குறைபாடு என்கிறது, 30க்குக் கீழே வந்தாலே மருந்து தொடங்குகிற டொக்டர்மாரும் நிறையப் பேர். ரிப்போர்ட் ஓரத்தில் அச்சடித்த 10ஐ நம்ப வேண்டாம்.

விசுவமடு: அம்மாவுக்கு டெங்கு வந்து பத்து நாள். பெரிற்றின் 420. இரும்பு கூடிவிட்டதா?

காய்ச்சல், அழற்சி, ஈரல் வருத்தம் எது வந்தாலும் பெரிற்றின் ஏறும், டெங்குவில் சொல்லவே வேண்டாம். இந்த 420ஐ வைத்து இரும்பு கூட என்றும் சொல்லமுடியாது, குறைவில்லை என்றும் சொல்லமுடியாது. உடம்பு தேறிச் சில கிழமைக்குப் பிறகு, அழற்சியைக் காட்டுகிற சிஆர்பி சோதனையும் சேர்த்து மறுபடி பாருங்கள். அழற்சி இருக்கிற பெரியவருக்கு 70க்குக் கீழே என்றாலே சந்தேகப்பட வேண்டும்.

வவுனியா: அப்பா சிறுநீரக கிளினிக் போகிறார். பெரிற்றின் 80 நல்லதுதானே?

அவருக்கு இல்லை. சிறுநீரக நோயில் 100க்குக் கீழேயும், ட்ரான்ஸ்பெரின் செறிவு (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 20 வீதத்துக்குக் கீழேயும் இருந்தால் குறைபாடுதான். அந்த இரண்டாவது எண்ணைக் கிளினிக்கில் கேளுங்கள்.

புதுக்குடியிருப்பு: எனக்கு 58 வயது, பெரிற்றின் 9. முருங்கையிலை வறை சாப்பிட்டால் காணுமா?

காணாது அண்ணை! வறையைச் சாப்பிடுங்கள், அது வேறு கதை. இந்த வயது ஆம்பிளைக்கு இரும்பு குறைந்தால் குடலிலோ இரைப்பையிலோ இரத்தம் கசிகிறதா என்று கமரா விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். முதுகு நோவுக்கு என்று கடையில் வாங்கிப் போடுகிற குளிசை ஏதும் இருந்தால் அதையும் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள், சில நோக்குளிசைகளாலும் இரைப்பையில் இரத்தம் கசியும். தார் மாதிரி கறுப்பாக, நாறிக்கொண்டு மலம் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாங்குளம்: குளிசை தொடங்கி மூன்று கிழமை. எனக்கும் கறுப்பாகத்தான் போகிறது, அக்கா பயப்படுத்துகிறாள்.

இரும்புக் குளிசை போட்டால் கறுக்கும், மேலே சொன்ன மாதிரி தார் போல நாறிக்கொண்டு போகாவிட்டால் பயப்படாதீர்கள். ஆனால் குளிசையோடு பிளேன்ரீ குடிக்கிறீர்களோ? தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது, முன்பின் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் என்றால் நல்லது. இப்போதே பெரிற்றினுக்குக் காசு செலவழிக்காதீர்கள், முதலில் ஏறுவது ஹீமோகுளோபின். அது சரியான பிறகும் கொம்பறை நிரம்ப இன்னும் மூன்று மாதம் போட வேண்டிவரும்.