நொச்சி சூடிய ஏழு நாள்

கேள்வி: காய்ச்சல். ஏழு நாள் தனி அறை. போனைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பூக்களின் அர்த்தம் பற்றிச் சுவையாகப் படிக்க ஏதாவது சொல்லுங்களேன்.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. மொத்தமே 261 அடி. உங்களுக்கு அதுவும் முழுசாக வேண்டாம். ‘ஒண்செங் காந்தள்’ என்று வருகிற இடத்திலிருந்து சுமார் 35 அடி போதும். அருவியில் குளித்த தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்கள் அங்கே இருக்கின்றன. தினம் 5 அடி என்றால் நாளுக்குப் பதினான்கு பூ, ஏழு நாளில் முடிந்துவிடும். ப்ராஜெக்ட் மதுரை தளத்தில் மூலம் இலவசம். வீட்டில் யாரையாவது அச்செடுத்துக் கதவடியில் தள்ளச் சொல்லுங்கள்.

பலரும் இடறுவது எண்ணும்போதுதான். ‘தண்கயக் குவளை’ ஒரே பூ. குளிர்ந்த குளத்துக் குவளை. அடைமொழியையும் பெயராக எண்ணினால் கணக்கு 99-ஐத் தாண்டிவிடும். பெயரை மட்டும் வட்டமிடுங்கள். பிடிபடாத இடத்துக்கு நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது.

கூடவே ஒரு வேலை. காலையில் ஐம்பது கிராம் உதிரி மல்லி மொட்டு வாங்கி வரச் சொல்லி, ஈரத்துணி விரித்த தட்டில் பரப்புங்கள். வெளுத்துப் பருத்த மொட்டு அன்று சாயங்காலமே விரியும். பச்சை ஓடிய சின்ன மொட்டு முற்றுமுன் பறித்தது, அப்படியே வாடும். ஃபிரிட்ஜில் வைத்தால் விரிவது தள்ளிப்போகும். அரும்பு, போது, மலர் என்ற மூன்று பருவத்தையும் 1227-ஆம் குறள் ஒரே நாளில் அடுக்குகிறது, காதல் நோய்க்கு உவமையாக. தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஜெயித்தவர் ‘வாகை சூடினார்’ என்கிறார்கள். மற்ற பூக்களுக்கும் இப்படி உண்டா? கப்பன் பார்க்கில் ரோஜா நிறத்தில் பூக்கிற பெரிய மரம்தான் வாகையா?
– வாசகர், மல்லேஸ்வரம்

பதில்: அது தூங்குமூஞ்சி மரம். வாகையின் பூ வெண்மஞ்சள், நுனியில் மெல்லிய இழைகள். சங்கப் புலவர்கள் மயிலின் கொண்டைக்கு ஒப்பிட்டது இதைத்தான்.

மற்றவையும் உண்டு, பழந்தமிழ்ப் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ. பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையைக் கவரப் போகிறவன் வெட்சி சூடுவான். உங்கள் அபார்ட்மென்ட் வேலியில் சிவப்பாக இருக்கிறதே, அந்த இட்லிப்பூவின் இனம்தான். படையெடுத்துப் போக வஞ்சி, கோட்டையை வளைக்க உழிஞை, நேருக்கு நேர் பொருதத் தும்பை. உள்ளே இருந்து கோட்டையைக் காக்கிறவனுக்கு நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை என்ற பழைய இலக்கண நூல் இதைத் தனித் திணையாக, அதாவது தனிப் போர்ப் பிரிவாக வைக்கிறது. தொல்காப்பியத்தில் உழிஞைக்குள் அடங்கும். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிற இலையும் அதே நொச்சிதான். அல்சூர் வாசகி அறைக்குள்ளிருந்து கேட்டாரே, அவருக்குப் பொருந்துகிற பூ.

கேள்வி: மஞ்சள் ரோஜா கொடுத்தால் பொறாமை என்று அர்த்தமாமே?
– வாசகி, இந்திராநகர்

பதில்: 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வழக்கம். பாரிஸில் 1819-இல் வந்த ‘மலர்களின் மொழி’ என்ற புத்தகத்துக்குப் பிறகு ஆளுக்கொரு பட்டியல் போட்டார்கள். ஒன்றுக்கொன்று ஒத்தும் போகாது. தாராளமாகக் கொடுங்கள்.